புல் ரிக்வெஸ்ட் சோதனையும் ரிலீஸும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோவாளைப் பூச்சந்தையின் அன்றாட விலையைக் காட்டும் செயலி ஒன்றை நாகர்கோவிலில் நாலு பேர் சேர்ந்து எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். புல் ரிக்வெஸ்ட் (நிரல் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) வந்ததும் சோதனை ஓட வேண்டும்; டேக் (பதிப்புக்கு இடும் பெயர்ச்சீட்டு) போட்டதும் ரிலீஸ் போக வேண்டும். இரண்டையும் ஒரே கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் (கிட்ஹப்பில் வேலைகளைத் தானாக ஓட்டும் வசதி) கோப்பில் திணிப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. சோதனை ஓட்டுவது யாரோ அனுப்பிய நிரலை; ரிலீஸின் கையிலோ உங்கள் சாவி.

ஃபோர்க்கிலிருந்து (உங்கள் நிரலை எடுத்து வைத்துக்கொண்ட தனி நகலிலிருந்து) கல்லூரி மாணவர் ஒருவர் அனுப்பும் புல் ரிக்வெஸ்டுக்கு உங்கள் சீக்ரெட்கள் (கிட்ஹப்பில் மறைத்து வைத்த சாவிகள்) போகாது. சீக்ரெட்டை நம்பியிருக்கும் சோதனை தோற்கும். உடனே யாராவது டிரிகரை (ஓட்டத்தைத் தொடங்கும் நிகழ்வை) ‘புல் ரிக்வெஸ்ட்’ என்பதிலிருந்து ‘புல் ரிக்வெஸ்ட் டார்கெட்’ என்று மாற்றுவார். பச்சை டிக்கும் விழும். ஆனால் இந்த டிரிகர் உங்கள் ரெப்போவின் (நிரல் களஞ்சியத்தின்) உரிமைகளோடு ஓடுகிறது. அதில் வெளியாளின் நிரலை செக்அவுட் செய்து (இறக்கி) ‘என்பிஎம் இன்ஸ்டால்’ (ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளை நிறுவும் கட்டளை) கொடுத்தால், அவர் எழுதிவைத்த இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்டே டோக்கனை (ஓட்டத்துக்கு கிட்ஹப் தரும் அனுமதிச் சாவியை) அள்ளிக்கொண்டு போய்விடும். பழைய டிரிகரையே வைத்து, பொய்ச் சாவியோடு சோதனை எழுதுங்கள். நிஜச் சாவி தேவைப்படுவது மெர்ஜுக்குப் (மாற்றத்தைச் சேர்த்துக்கொண்டதற்குப்) பிறகு மெயின் கிளையில் ஓடட்டும். டோக்கனுக்கு வாசிக்கும் உரிமை மட்டும் போதும். எழுதும் உரிமை ரிலீஸ் ஜாபுக்கு (ஓட்டத்தின் ஒரு பகுதி வேலைக்கு) மட்டும்.

உங்கள் கோப்பில் பயன்படுத்தப் பிறர் எழுதிய ஆக்‌ஷனை ‘வி4’ போன்ற டேக்கால் அழைப்பதும் ஆபத்துதான், டேக்கை நகர்த்த முடியும் என்பதால். 2025 மார்ச்சில் ‘சேஞ்ச்டு ஃபைல்ஸ்’ என்ற பிரபல ஆக்‌ஷனின் டேக்குகளைத் திருட்டு கமிட்டுக்குத் (நிரல் மாற்றப் பதிவுக்கு) திருப்பிவிட்டார்கள். பல ரெப்போக்களின் சீக்ரெட்கள் லாகில் (ஓட்டப் பதிவேட்டில்) கொட்டின. 40 எழுத்து கமிட் எண்ணையே முழுதாகக் கொடுங்கள்.

ரிலீஸில் பலர் மண்டையைப் பிய்த்துக்கொள்வது வேறிடத்தில். ஒரு ஒர்க்ஃப்ளோ (ஒரு கோப்பில் எழுதிய வேலைத்தொடர்) டேக் போடுகிறது, ரிலீஸ் ஒர்க்ஃப்ளோ அசையவே இல்லை, பிழைச்செய்தியும் இல்லை. கிட்ஹப் தானாகத் தரும் டோக்கனால் புஷ் செய்த (ஏற்றிய) டேக், இன்னொரு ஒர்க்ஃப்ளோவை எழுப்பாது. முடிவில்லாச் சுழலைத் தடுக்க வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். அதே ஒர்க்ஃப்ளோவில் அடுத்த ஜாபாக ரிலீஸை வைத்தால் தீர்ந்தது. செக்அவுட் இயல்பாக ஒரே ஒரு கமிட்டைத்தான் இறக்கும். டேக்கைப் பார்த்துப் பதிப்பெண் கணக்கிடுகிறீர்கள் என்றால் ஃபெட்ச் டெப்த்தை 0 (முழு வரலாறும்) ஆக்குங்கள்.

புதிய புஷ் வந்ததும் பழைய ஓட்டத்தை நிறுத்தும் வசதி சோதனைக்கு நல்லது, ரிலீஸுக்கு வேண்டாம். பாதியில் நின்று, என்பிஎம்மில் (தொகுப்புகளை வெளியிடும் தளத்தில்) மட்டும் ஏறிவிட்டால் அதே எண்ணில் மறுபடி ஏற்ற முடியாது.

மெர்ஜுக்குத் தேறியாக வேண்டிய கட்டாயச் சோதனையில் கோப்புப் பாதை வடிகட்டி (குறிப்பிட்ட கோப்புகள் மாறினால் மட்டும் ஓடு என்ற விதி) போட்டால், டாக்குமெண்ட் மட்டும் திருத்திய புல் ரிக்வெஸ்ட் ‘பெண்டிங்’ என்றே தொங்கும். வடிகட்டியை எடுத்துவிட்டு ஜாபுக்குள் ‘இஃப்’ நிபந்தனை வையுங்கள். தவிர்க்கப்பட்ட ஜாப் தேறியதாகவே கணக்காகும்.

நேர அட்டவணை இயல்பாக யூடிசி (உலகப் பொது நேரம், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்). சந்தை விலையைத் திங்கள் அதிகாலை 4 மணிக்கு எடுக்க வேண்டுமென்றால், எழுத வேண்டியது ஞாயிறு 22:30. அதுவும் சொன்ன நிமிடத்தில் ஓடும் என்ற உறுதியில்லை. இன்னும் இரண்டு சில்லறை விஷயங்கள்: பைத்தான் 3.10ஐ மேற்கோள் குறிக்குள் எழுதாவிட்டால் யாமல் (இந்தக் கோப்புகளை எழுதும் வடிவம்) அதை 3.1 என்று படிக்கும். டைம்அவுட் கொடுக்காத ஜாப் தொங்கினால் 360 நிமிடம் ஓடித்தான் நிற்கும், 15 போதும்.