அன்னபூர்ணா சர்க்யூட்டை ஜோடியாக நடக்கப் போகிறீர்களா?

கணவன் மனைவியாக இமயமலையில் நாள்கணக்கில் நடக்கப் போகிறோம் என்று சொல்பவர்கள் எல்லாரும் ஷூ எது, பை எது, ஜாக்கெட் எது என்றுதான் கேட்கிறார்கள். அதெல்லாம் கடையில் கிடைக்கும், காத்மாண்டு தமேல் தெருவில் வாடகைக்கே கிடைக்கும். யார் வேகத்தில் நடப்பது, ஒருவருக்கு முடியாமல் போனால் என்ன செய்வது என்பதையெல்லாம் வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள். 4,000 மீட்டருக்கு மேலே, பசியும் தலைவலியும் குளிருமாக நிற்கும்போது இந்தப் பேச்சை எடுத்தால் சண்டையில்தான் போய் முடியும்.

பாதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: நேபாளத்தில் அன்னபூர்ணா மலைத்தொடரைச் சுற்றிப் போகும் நடைபாதை இது. பேசிசஹரில் (சுமார் 760 மீட்டர்) ஆரம்பித்து சாமே, பிசாங், மனாங் வழியாக ஏறி, 5,416 மீட்டரில் இருக்கும் தொரோங் லா கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் முக்திநாத், ஜோம்சோம் என்று இறங்குவது. இப்போது மனாங் வரை ஜீப் போகிறது. ஆனால் 3,540 மீட்டரில் இருக்கும் மனாங்குக்கு ஒரேயடியாக ஜீப்பில் போய்ச் சேருவது உடம்புக்கு நல்லதில்லை. சாமேக்கு முன்னால் வரும் தாராபானி வரை ஜீப், அங்கிருந்து நடை என்று வைத்துக்கொண்டால், ஓய்வு நாளும் சேர்த்து 10 முதல் 12 நாள் கையில் இருக்க வேண்டும். போக ஏற்ற மாதங்கள் அக்டோபர், நவம்பர் அல்லது மார்ச், ஏப்ரல்.

இந்தியர்களுக்கு விசா வேண்டாம். விமானத்தில் போனால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை கட்டாயம், ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அன்னபூர்ணா காப்புப் பகுதிக்கான அனுமதிச் சீட்டில் இந்தியர் உட்பட சார்க் நாட்டவருக்குக் கட்டணம் குறைவு. வெளிநாட்டவர் வழிகாட்டியோடுதான் போக வேண்டும் என்று 2023 ஏப்ரலில் விதி கொண்டுவந்தார்கள், அதனால் அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பணம் நேபாள ரூபாயாக, நோட்டாகவே இருக்கட்டும். மேலே ஏடிஎம் கைகொடுக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சரி, பைக்கு வருவோம். ஆளுக்குப் பாதி என்று சமமாகப் பிரிப்பது நியாயமாகத்தான் தெரியும், நடக்கும்போது அது நியாயமே இல்லை. 50 கிலோ எடையுள்ளவர் 10 கிலோ தூக்குவதும் 75 கிலோ எடையுள்ளவர் 10 கிலோ தூக்குவதும் ஒன்றா? உடல் எடையில் ஏழில் ஒரு பங்கு என்று கணக்கு வையுங்கள், அதற்கு மேல் போனால் சாமானைக் குறையுங்கள், இல்லாவிட்டால் ஒரு போர்ட்டரை வைத்துக்கொள்ளுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. மருந்துப் பெட்டி, பற்பசை, சார்ஜர், தண்ணீர் சுத்திகரிக்கும் மாத்திரை எல்லாம் இருவருக்கும் சேர்த்து ஒன்று போதும். ஆனால் ஹெட்லாம்ப், மழைக்கோட்டு, தண்ணீர், கொஞ்சம் பணம், தின்பதற்கு ஏதாவது, இவை ஆளுக்கு ஒன்று அவரவர் பையிலேயே இருக்க வேண்டும். ஒருவர் முன்னால் போய்விட்டு, மற்றவர் பின்னால் மழையில் நனைந்துகொண்டிருக்க, மழைக்கோட்டு முன்னால் போனவர் பையில் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும். இது எளிய விதிதான், ஆனால் கடைப்பிடிப்பவர்கள் குறைவு. வேகமாகப் போகிறவர் அரை மணி நேரம் முன்னால் போய் ஒரு பாறையில் உட்கார்ந்து இளைப்பாறுவார், பின்னால் வருபவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் "போலாமா?" என்று எழுந்துவிடுவார். ஒருவருக்கு ஓய்வு கிடைத்தாயிற்று, இன்னொருவருக்கு ஒரு வாய் தண்ணீர்கூட இல்லை. இதே கதை நாலு நாள் நடந்தால் ஐந்தாம் நாள் பேச்சுவார்த்தை நின்றுவிடும். எதிரே கோவேறு கழுதைகள் வரிசையாக வந்தால் இருவருமே மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்துப் பக்கம் நிற்காதீர்கள். மூட்டை இடித்தால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

இனி உயரம். 3,000 மீட்டருக்கு மேலே இரவு தங்கும் இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஓய்வு. கீழ்ப் பிசாங் வழியாக நேராகப் போவதைவிட மேல் பிசாங், கியாரு, ஙாவல் வழியாகப் போவதையே நான் சொல்வேன். கியாருவுக்கு ஏறும் ஏற்றம் உயிரை வாங்கும், ஆனால் எதிரே அன்னபூர்ணா தொடரின் சிகரங்கள் தெரியும், உடம்பும் உயரத்துக்குப் பழகிவிடும். மனாங்கில் ஒரு நாள் முழுக்கத் தங்குங்கள். அங்கே ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் மருத்துவர்கள் சீசனில் பிற்பகலில் உயர நோய் (உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல்) பற்றிப் பேசுவார்கள், இருவருமாகப் போய் உட்காருங்கள். அதைத் தடுக்க உதவும் அசிட்டசோலமைடு மாத்திரை பற்றி ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

ஜோடிகளுக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு: தன்னால் மற்றவர் பயணம் கெட்டுவிடக் கூடாதே என்று தலைவலியை மறைப்பது. வீட்டில் எல்லாவற்றையும் சமாளித்துப் பழகிய பெண்கள் இதில் கைதேர்ந்தவர்கள், ஆண்களும் சளைத்தவர்களில்லை, அவர்களுக்கு வீம்பு வேறு. அதனால் தினமும் காலையும் மாலையும் ஒருவரை ஒருவர் கேளுங்கள்: தலை வலிக்கிறதா, சாப்பாடு இறங்கியதா, ராத்திரி தூக்கம் எப்படி? தலைவலியோடு வாந்தி வந்தால் அன்றைக்கு மேலே ஏறுவது இல்லை. நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே இறக்கம், ராத்திரியானாலும் சரி. ஒருவர் இறங்கினால் இருவரும் இறங்க வேண்டும், மற்றவர் மட்டும் கணவாயைத் தாண்டிவிட்டு வருகிறேன் என்ற பேச்சே கூடாது. இதற்கு முன்கூட்டியே கைகொடுத்து சத்தியம் வாங்கிக்கொண்டாலும் தப்பில்லை.

டீ ஹவுஸ் எனப்படும் வழித்தங்கல் விடுதிகளில் அறை வாடகை கொஞ்சம்தான், ஆனால் சாப்பாடு அங்கேயே சாப்பிட வேண்டும். தால் பாத் வாங்கினால் சோறும் பருப்பும் திரும்பத் திரும்பப் போடுவார்கள், கையில் ஒரு பொட்டலம் பருப்புப் பொடியும் கொஞ்சம் தொக்கும் இருந்தால் எட்டாவது நாளும் சலிக்காமல் இறங்கும். இரவில் போன், பவர் பேங்க், ஹெட்லாம்ப் பேட்டரி எல்லாம் ஸ்லீப்பிங் பைக்குள்ளேயே இருக்கட்டும், குளிரில் சார்ஜ் இறங்கிவிடும். நாப்கின் வேண்டியதைவிட அதிகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள், மேலே வாங்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

கணவாயைத் தாண்டும் நாளில், அதற்குக் கீழே கடைசித் தங்கலான தொரோங் பேடியிலிருந்து இருட்டோடு கிளம்ப வேண்டும், நேரம் ஆக ஆகக் காற்று வலுக்கும். வானிலை சரியில்லை என்று உள்ளூர்க்காரர்கள் சொன்னால் அன்று கிளம்பாதீர்கள். 2014 அக்டோபரில் விசாகப்பட்டினத்தைத் தாக்கிய ஹூட்ஹூட் புயலின் மிச்சம்தான் இங்கே பனிப்புயலாக வந்து 40 பேருக்கு மேல் பலி வாங்கியது. மேலே நின்று படம் எடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள், முக்திநாத்துக்கு ஒரே மூச்சில் 1,600 மீட்டர் இறக்கம் பாக்கி. முழங்காலுக்கு அங்கேதான் சோதனை, ஆளுக்கு இரண்டு ட்ரெக்கிங் கம்பு அவசியம்.

முக்திநாத் 108 திவ்ய தேசங்களில் ஒன்று, திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம். கோயிலின் 108 நீர்த்தாரைகளிலும் தண்ணீர் ஐஸாகத்தான் விழும், கணவாய் தாண்டிய களைப்போடு அதே மாலை போய்க் குளிக்காமல் மறுநாள் வெயில் வந்த பிறகு போங்கள். அப்புறம், ஜோம்சோமிலிருந்து போக்ராவுக்கு விமானம் காலையில் மட்டும்தான், காற்று முந்திக்கொண்டால் அதுவும் ரத்தாகும். ஊர் திரும்பும் டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளியே போடுங்கள்.