மூளை அறுவைப் பிரிவில் முதல் வருடம்: கண், போன், கை

எம்.எஸ். பொது அறுவை முடித்து வருகிறவருக்கு எம்.சி.ஹெச். நியூரோ சர்ஜரி மூன்று வருடம். குடலிலும் தைராய்டிலும் பழகிய கை ஏற்கெனவே இருக்கும். ஆனாலும் தொடக்க மாதங்களில் பெரும்பாலான வேலை கண்ணுக்குத்தான். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனை போன்ற இடத்தில் ராத்திரி டூட்டி என்றால் பைக்கில் விழுந்தவர், பனையிலிருந்து விழுந்தவர், கொத்து வேலையில் சாரம் சரிந்தவர் என்று தலைக்காயங்கள் வந்துகொண்டே இருக்கும். யாரை இப்போதே தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டும், யாரை மணிக்கொரு முறை பார்த்தால் போதும் என்று பிரித்தறிவதே முதல் பாடம்.

அதற்கான அளவுகோல் 1974-ல் டீஸ்டேலும் ஜென்னட்டும் வெளியிட்ட கிளாஸ்கோ கோமா ஸ்கோர்; நினைவு எவ்வளவு இருக்கிறது என்பதற்கான எண். அதிகபட்சம் கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6. கேஸ் ஷீட்டில் ‘9’ என்று மொத்தத்தை மட்டும் எழுதினால் அடுத்த டூட்டிக்காரருக்கு ஒன்றும் விளங்காது. மூன்றையும் பிரித்து எழுத வேண்டும். கண் வீங்கி மூடியிருந்தால் 1 போடாமல், வீக்கம் என்று குறிக்க வேண்டும். கைகளில் ஒன்று நன்றாகவும் மற்றது மோசமாகவும் அசைந்தால் ஸ்கோருக்கு நல்ல பக்கம். ஆனால் அந்த வித்தியாசத்தைத் தனியே எழுதியாக வேண்டும், ரத்தக்கட்டு எந்தப் பக்கம் என்பதற்குத் துப்பு அதுதான்.

“அண்ணாச்சி, எந்த ஊரு?” என்ற கேள்விக்குச் சரியான பதில் வந்ததுமே பேச்சுக்கு 5 போட்டுவிடுவது புதியவர்கள் செய்யும் தவறு. ஊர்ப்பெயர் அரை மயக்கத்திலும் வரும். இப்போது எங்கே இருக்கிறார், என்ன மாதம் என்றும் கேட்க வேண்டும். ஜூலை தெரியாத பெரியவரிடம் ஆனியா ஆடியா என்று கேட்டால் போதும்.

இன்னொரு பொறி, கூட வந்தவர்கள் சொல்லும் “அசந்து தூங்குதான் சார், எழுப்பாதீங்க”. எபிடூரல் ரத்தக்கட்டில், அதாவது மண்டையோட்டுக்கும் மூளையின் வெளியுறையான டியூராவுக்கும் இடையே ரத்தம் கட்டும்போது, அடிபட்டவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, கட்டு பெருகப் பெருக மயங்குவது உண்டு. அந்தக் குறட்டை தூக்கமாக இருக்க வேண்டியதில்லை. எழுப்புங்கள், டார்ச் அடித்துக் கண்மணியைப் பாருங்கள். சாராய வாடை வந்தாலும் சி.டி. பார்க்கும்வரை போதை என்று எழுதாதீர்கள்.

சீனியருக்குப் போன் செய்வதும் பயிற்சிதான். வயது, அடிபட்ட நேரம், ஸ்கோர், கண்மணி, ரத்த அழுத்தம், பிறகு சி.டி. என்ற வரிசையில் சொல்லுங்கள். “பெரிய கட்டு சார்” என்பதால் பயனில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும்: 5, 3, 5 என்றால் 37.5 சி.சி. எபிடூரல் 30 சி.சி.யைத் தாண்டினால் ஸ்கோர் எவ்வளவாக இருந்தாலும் அறுவைதான். டியூராவுக்கு அடியில் புதிதாகக் கட்டும் அக்யூட் சப்டூரலுக்கு 10 மி.மீ.க்கு மேல் தடிமனோ, 5 மி.மீ.க்கு மேல் நடுக்கோட்டு விலகலோ இருந்தால் அறுவை.

மருந்தில் இரண்டு கவனம். மூளை அழுத்தத்தைக் குறைக்கும் மானிட்டால் கிலோவுக்கு 1 கிராம் என்றால் 60 கிலோ ஆளுக்கு 20 சதவீதக் கரைசல் 300 மி.லி.; ரத்த அழுத்தம் விழுந்திருப்பவருக்குக் கூடாது. வலிப்பு மருந்தான ஃபெனிட்டாயினை சலைனில் மட்டும் கலக்க வேண்டும், டெக்ஸ்ட்ரோஸில் படிகமாகிவிடும். நிமிடத்துக்கு 50 மி.கி.யைத் தாண்டினால் ரத்த அழுத்தம் சரியும், இதயத் துடிப்பு தடுமாறும்.

கை முதலில் தனியாக இறங்குவது பெரும்பாலும் வென்ட்ரிக்கிள் வடிகுழாயில், அதாவது மூளைக்குள் நீர் நிறைந்த அறையிலிருந்து நீரை வெளியே வடிக்கும் குழாயில். மூக்கின் வேரிலிருந்து 11 செ.மீ. பின்னால், நடுக்கோட்டிலிருந்து 3 செ.மீ. வெளியே, வழக்கமாக வலப்பக்கம் குறி. நடுக்கோட்டை நெருங்கினால் மூளையின் பெரிய சிரை இருக்கிறது. அதே பக்கக் கண்ணின் உள்மூலையையும் காதின் முன்மேட்டையும் நோக்கிக் குழாயைச் செலுத்த வேண்டும். 5 முதல் 6 செ.மீ.க்குள் நீர் வரும். வரவில்லையே என்று 7-ஐத் தாண்டி உள்ளே தள்ளாதீர்கள், வெளியே எடுத்துத் திசையைத் திருத்துங்கள். மூன்று முறையிலும் வரவில்லையென்றால் சீனியரைக் கூப்பிடுவதில் வெட்கமில்லை. முதல் நீரைப் பீறிட விடக்கூடாது. வார்டில் நடக்கும் கோளாறு வேறு: கஞ்சி கொடுக்க உறவினர் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துவார், நீர் வடியும் குப்பியின் உயரம் மாறாது, நீர் கொட்டித் தீரும். கட்டில் அசைந்தாலே காது மட்டத்தில் பூஜ்யத்தை மறுபடி வைக்க வேண்டும். சி.டி.க்குக் கொண்டுபோகும்போது குழாயை மூட வேண்டும். திரும்பி வந்ததும் திறக்க மறப்பதும் நடக்கிறது.

செமினார், தீசிஸ் எல்லாம் எந்தத் துறையிலும் உள்ளதுதான். மேஜைப் பயிற்சிக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். மைக்ரோஸ்கோப்பின் அடியில் கையுறை ரப்பரில் மிக மெல்லிய 10-0 நூலால் தையல். அது படிந்தபின் கோழி இறக்கையின் ரத்தக்குழாய். டிரில்லுக்கு முட்டை: உள்சவ்வு கிழியாமல் முட்டையோட்டை மட்டும் சீவி எடுக்க வேண்டும். சவ்வு கிழிவது, டிரில்லை அழுத்துவதாலும் மணிக்கட்டை ஊன்றாததாலும்தான். டியூரா திறந்து தைக்க ஆட்டுத்தலை நல்லது. கறிக்கடைக்காரரிடம் முந்தின நாளே சொல்லி, மண்டையைப் பிளக்காமல் வாங்க வேண்டும். பழக்கத்தில் அவர் ஒரு வெட்டு போட்டுவிட்டால் அன்றைக்கு டியூராவும் போய்விடும்.