மக்காச்சோள வேரில் வேம் பெருக்குவது எப்படி?

தக்காளி, மிளகாய் நாற்று விடுகிறவர்கள் வேம் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். VAM என்ற ஆங்கிலச் சுருக்கம்தான் அது; செடியின் வேருக்குள் வாழ்ந்து அதற்கு உதவும் ஒரு பூஞ்சை. வேர் உட்பூசணம் என்றும் சொல்வார்கள். பொட்டலமாக விற்பதால் பலர் இதையும் ஓர் உரம் என்று நினைத்து மண்ணின் மேலே தூவிவிடுகிறார்கள். அதில் பயன் குறைவு. உயிருள்ள வேருக்குள் புகுந்தால்தான் இந்தப் பூஞ்சை வளரும். அதனால்தான் இதைப் பெருக்க ஒரு செடி வேண்டும்.

மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) இருந்தாலும் அது எளிதில் நகராது. செம்மண்ணில் இரும்போடும், கரிசலில் சுண்ணாம்போடும் ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் ஓரிரு மில்லிமீட்டரில் இருப்பது தீர்ந்ததும் வேருக்குப் பஞ்சம்தான். பூஞ்சை இழை சில சென்டிமீட்டர் தள்ளிப் போய், வேர் நுழையாத இடுக்கிலிருந்தும் மணிச்சத்தை எடுத்து வந்து கொடுக்கிறது. பதிலுக்குச் செடி சர்க்கரையும் கொழுப்பும் தருகிறது. ஸ்காட்லாந்தின் ரைனியில் கிடைத்த, சுமார் 40 கோடி ஆண்டுப் பழைய புதைபடிவச் செடிகளின் தண்டிலேயே இந்த உறவு தெரிகிறது. அவற்றில் சிலவற்றுக்கு உண்மையான வேர்கூடக் கிடையாது!

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: கலவை

அடியில் ஓட்டை போட்ட தொட்டி ஒன்று எடுங்கள். 2 கிலோ வெர்மிகுலைட்டுக்கு (தொட்டிக் கலவையில் சேர்க்கும் எடை குறைந்த கனிமத் துகள்) 200 கிராம் மண் போதும். மண்ணைத் துணியில் கட்டி ஒரு மணி நேரம் ஆவியில் வேகவைத்து ஆறவிடுங்கள். மறுநாளும் ஒருமுறை வேகவைத்தால் நல்லது. நோய்க்கிருமியோடு தொடங்கினால், பிற்பாடு எல்லா நாற்றுக்கும் நீங்களே நோயைப் பரப்பியதாகிவிடும். இந்தப் படியை மட்டும் தயவுசெய்து தாண்டாதீர்கள்.

படி 2: வேம் இடுதல்

தொட்டியை நிரப்பி, மேலிருந்து 2 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் 40 அல்லது 50 கிராம் வேமை ஓர் அடுக்காகப் பரப்பி மூடுங்கள். விதையிலிருந்து இறங்கும் வேர் அந்த அடுக்கைத் துளைத்துப் போக வேண்டும்.

படி 3: விதைப்பு

மக்காச்சோளம்தான் வசதி, சல்லிவேர் ஏராளம், வளர்ச்சியும் வேகம். பூஞ்சைக்கொல்லி பூசிய சிவப்பு விதை வேண்டாம். நாம் வளர்ப்பதே பூஞ்சை அல்லவா?

படி 4: 60 நாள்

ஈரம் காயாமல் தண்ணீர் விடுங்கள். இலை வெளிறினால் 30ஆம் நாளும் 45ஆம் நாளும் ஒரு சிட்டிகை யூரியா போதும். சூப்பர் பாஸ்பேட், டிஏபி என மணிச்சத்து உரம் எதையும் அள்ளிப் போட்டுவிடாதீர்கள். மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி பூஞ்சையைக் கூப்பிடுவதையே குறைத்துக்கொள்ளும். கூலி கொடுத்து ஆள் வைக்க அதற்குத் தேவை இருக்காது. வயலிலும் இதே கதைதான்: மணிச்சத்து குவிந்து கிடக்கும் மண்ணில் வேம் போட்டுவிட்டுப் பலன் இல்லை என்று சொல்வது நியாயமில்லை.

படி 5: அறுவடை

60 நாள் ஆனதும் தண்ணீரை நிறுத்துங்கள். பத்து நாள் காயட்டும். அந்த வாட்டத்தில் பூஞ்சை தன் வித்துகளை (விதைபோல் மீண்டும் முளைக்கும் நுண்துகள்களை) சேர்த்து வைக்கும். அப்புறம் தண்டை மண்ணோடு ஒட்ட அறுத்து எறிந்துவிட்டு, வேர்களைப் பொடியாக நறுக்கிக் கலவையோடு சேர்த்துவிடுங்கள். வேர்த்துண்டு, இழை, வித்து எல்லாம் கலந்த இந்தக் கலவைதான் உங்கள் வேம்.

எங்கே, எப்படிப் போடுவது?

நாற்றங்காலுக்குச் சதுர மீட்டருக்கு 100 கிராம், விதைக்குக் கீழே 2, 3 சென்டிமீட்டரில். பாலித்தீன் பையில் வளர்க்கும் கன்றுக்கு 5 முதல் 10 கிராம், வேரில் படும்படி. வெங்காயம், கத்தரி, மிளகாய், வாழை, பழக்கன்றுகள் எல்லாவற்றுக்கும் ஏற்றது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு, பீட்ரூட் ஆகியவற்றுக்குப் போட்டு வீணாக்காதீர்கள். அந்தக் குடும்பங்கள் இந்தப் பூஞ்சையோடு சேர்வதில்லை.

மீதியை நிழலில் உலர்த்திக் கட்டி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். அதில் ஒரு கைப்பிடியைத் தனியாக எடுத்து வைத்தால் அடுத்த தொட்டிக்கு வேம் வாங்கும் செலவு மிச்சம்.