சிங்கப்பூர் ஆற்றங்கரையை ஒரு மாலையில் நடந்து பார்க்கும் முறை

சிங்கப்பூருக்குச் சுற்றுலா வருவோரில் பலர் சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலையருகே படம் எடுத்துக்கொண்டு, இரவில் ஆற்றோர உணவகப் பகுதியான கிளார்க் கீயின் விளக்குகளையும் பார்த்துவிட்டால் ஆற்றங்கரையைப் பார்த்து முடித்ததாகக் கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். இவ்விரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் நீளும் நடைபாதையில்தான் இந்நகரம் துறைமுகமாக வளர்ந்த கதையின் பெரும்பகுதி கிடக்கிறது. அதைப் பார்க்கக் கட்டணம் ஏதும் இல்லை. பணம் கரைவது உணவு மேசையில்தான். ஆகவே, பார்ப்பது இங்கே, சாப்பிடுவது வேறிடத்தில் என்று முன்பே தீர்மானித்துக்கொண்டு வருவது நல்லது.

நண்பகலில் வருவதைத் தவிர்க்கவும். வெயில் கடுமையாக இருக்கும். பாதையின் பல பகுதிகளில் நிழலும் இல்லை. ஆண்டு முழுவதும் சுமார் 7 மணிக்கே பொழுது சாயும் ஊர் என்பதால், மாலை 4.30 மணியளவில் தொடங்கினால் பகலொளியில் கட்டடங்களையும் இருட்டியபின் விளக்குகளையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். குடை அவசியம் வேண்டும்.

ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்கி, ஆற்றின் முகப்பை நோக்கி நடக்கவும். வலப்பக்கம் தூண்களுடன் நிற்கும் ஃபுல்லர்ட்டன் ஹோட்டல், 1928இல் திறக்கப்பட்டபோது தலைமை அஞ்சலகத்துக்கும் இடமளித்த கட்டடமாகும். அதனருகே கரையோரத்தில் ஐந்து சிறுவர்கள் ஆற்றில் குதிப்பதுபோல் ஒரு வெண்கலச் சிற்பத் தொகுதி உள்ளது. அங்கிருந்து கவேனா பாலத்தில் ஏறுவதற்கு முன், அதன் முனையில் உள்ள பழைய அறிவிப்புப் பலகையைப் படிக்கவும்: 3 ஹண்டிரட்வெயிட், அதாவது ஏறத்தாழ 152 கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ள வண்டிகளும், எல்லா மாடுகளும் குதிரைகளும் பாலத்தின்மேல் செல்லக் கூடாது. 1869இல் கட்டப்பட்ட இந்தப் பாலத்துக்கு, கல்கத்தாவிலிருந்து ஆளப்பட்ட காலத்தின் கடைசி ஆளுநரின் பெயர் சூட்டப்பட்டது. பாலம் தாழ்வாக அமைந்துவிட்டதால், கடல் ஏற்றத்தால் நீர் ஏறியிருக்கும்போது சரக்குப் படகுகள் அடியில் நுழைய முடியாமல் வற்றம் வரும்வரை காத்துக் கிடந்தன. இன்று அந்தச் சிக்கல் இல்லை. 2008இல் மரீனா அணை கட்டப்பட்டபின் ஆறு நன்னீர்த் தேக்கத்தின் ஒரு பகுதியாகிவிட்டது.

பாலத்தைக் கடந்தால் வடகரை. 1822ஆம் ஆண்டு நகரத் திட்டம் இக்கரையை அரசாங்கத்துக்கும் எதிர்க்கரையை வணிகத்துக்கும் ஒதுக்கியது. அந்தப் பிரிவினை இன்றும் கண்ணுக்குத் தெரிவதால், வடகரையில் நின்று தென்கரையைப் பார்ப்பதே சரியான வரிசை என்பது என் கருத்து. இங்கே பிரிட்டிஷ் வணிகத்தளத்தை நிறுவிய ராஃபிள்ஸுக்கு இரண்டு சிலைகள் உண்டு. கூட்டம் மொய்க்கும் வெள்ளைச் சிலை 1972இல் நிறுவப்பட்டது. விக்டோரியா அரங்கின் முன் நிற்கும் கருநிற வெண்கலச் சிலையே 1887ஆம் ஆண்டின் மூலச்சிலை. அங்கே பத்து நிமிடம் கூடுதலாகச் செலவிட எண்ணினால், அருகிலுள்ள டல்ஹவுசி நினைவுத்தூணுக்கு அதைக் கொடுங்கள். இந்தியத் தலைமை ஆளுநர் டல்ஹவுசி 1850இல் வந்துபோனதன் நினைவாக எழுப்பப்பட்ட அந்தத் தூணில் ஆங்கிலம், சீனம், ஜாவி எனும் அரபு வழி எழுத்திலான மலாய் ஆகியவற்றுடன் தமிழிலும் வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. வழிகாட்டிகள் பலர் அதைக் காட்டாமலே கடந்துபோவது வியப்புதான்.

இக்கரையிலேயே ஆற்றோரமாக, வட்டித்தொழில் செய்த செட்டியாரையும் பிற்கால நிதித்துறையினரையும் ஒன்றாகக் காட்டும் சிற்பமும் இருக்கிறது. எதிரே தென்கரையில் தெரியும் போட் கீ பகுதியின் கடைவீடுகளுக்கு (கீழே கடையும் மேலே வீடுமான கட்டடங்கள்) சற்றுப் பின்னால், மார்க்கெட் தெருவில்தான் நகரத்தார் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகள் இருந்தன. சிறு வணிகர்களுக்கு வங்கிகள் கடன் தரத் தயங்கிய காலத்தில் அவர்கள் நாடிவந்த இடம் அது. கிட்டங்கிகள் 1970களில் இடிக்கப்பட்டுவிட்டன, ஆனால் தென்னிந்திய வணிகர்களைக் குறிக்கும் சூலியா தெரு இன்றும் அதே பெயருடன் இருக்கிறது. அடுக்குமாடிக் கோபுரங்களின் காலடியில் வரிசையாக நிற்கும் ஓட்டுக்கூரைகளின் முழுக் காட்சியும் கிடைப்பது இந்த வடகரையிலிருந்துதான் என்பதால், படம் எடுப்பவர்கள் இங்கேயே எடுத்துக்கொள்ளவும்.

அடுத்து வருவது 1929இல் கட்டப்பட்ட எல்ஜின் பாலம். இரு கரைகளையும் இணைத்த முதல் பாலமும் இவ்விடத்தில்தான் இருந்தது. நார்த் பிரிட்ஜ், சவுத் பிரிட்ஜ் சாலைகளின் பெயர்கள் அதிலிருந்து வந்தவை. தொடர்ந்து மேலே நடந்தால் ஹில் தெருவின் பழைய காவல் நிலையம் வரும். 1934ஆம் ஆண்டுக் கட்டடம்; அதன் 927 சன்னல்களுக்கும் வானவில் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். அதையும் கடந்தால் கிளார்க் கீ. பகலில் அங்கே பார்ப்பதற்கு அதிகம் இல்லை. ஆகவே அதை இரவுக்கு வைத்துக்கொண்டு, அங்கிருந்து பத்து நிமிட நடையில் உள்ள டேங்க் சாலை தண்டாயுதபாணி கோயிலுக்குச் சென்று வரலாம். செட்டியார்கள் 1859இல் எழுப்பிய கோயில் இது. இப்போதைய கட்டடம் 1983இல் ஆனது. தைப்பூசக் காவடிகள் வந்து சேரும் இடமும் இதுவே. மதியத்தில் நடை சாத்தியிருக்கும் என்பதால் மாலையில் செல்வதே பொருத்தம்.

படகுச் சவாரிக்கு ஆற்றோரத் துறைகளில் சீட்டு வாங்கலாம். சுமார் 40 நிமிடத்தில் படகு மரீனா விரிகுடா வரை சென்று திரும்புகிறது. 6.45 மணி வாக்கில் ஏறினால் போகும்போது அந்தி வெளிச்சமும் திரும்பும்போது விளக்கொளியும் கிடைக்கும். பழைய சரக்குப் படகுகளின் சாயலில் அமைந்த இந்தப் படகுகள் இப்போது பயணிகளை மட்டுமே சுமக்கின்றன. 1977இல் தொடங்கிப் பத்தாண்டுகள் நடந்த ஆற்றுத் தூய்மைப் பணியின்போது, 1983இல் சரக்குப் படகுகள் அனைத்தும் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. சரக்கு போனபின் கடைவீடுகளுக்கு வேலை இல்லாமற்போனது. உணவகங்களும் மதுக்கூடங்களும் அவ்விடத்தை நிரப்பின.

அந்த உணவகங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். போட் கீயில் நடக்கும்போது ஒவ்வொரு கடை வாசலிலும் ஒருவர் விலைப்பட்டியலுடன் நின்று, கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைப்பார். வேண்டாம் என்று ஒருமுறை சொல்லிவிட்டு நடந்தால் போதும். உட்காருவதாக இருந்தால், விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் உள்ளனவா என்று பார்க்கவும். 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அதற்கும் மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் தனி என்பதே அவற்றின் பொருள். 100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) சாப்பிட்டால் 119.90 வெள்ளி கட்ட நேரும். இதன்மேல் அன்பளிப்பு வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நண்டும் மீனும் எடைக்கு விற்கப்படுபவை. பட்டியலில் உள்ள விலை 100 கிராமுக்கா கிலோவுக்கா, தேர்ந்தெடுத்த நண்டின் முழு விலை எவ்வளவு என்று சமைப்பதற்கு முன்பே கேட்டுவிடவும். கேளாமலே மேசைக்கு வரும் வேர்க்கடலைக்கும் ஈரத்துணிக்கும் பணம் பிடிப்பதுண்டு. வேண்டாமென்றால் திருப்பி அனுப்பிவிடலாம். கரையோரப் படிக்கட்டில் அமர்ந்து மது அருந்துவோர் இரவு 10.30 மணியை நினைவில் வைக்க வேண்டும். அதன்பின் காலை 7 மணி வரை பொது இடங்களில் மது அருந்துவது குற்றம்.

மலிவாகவும் நன்றாகவும் சாப்பிட விரும்புவோர், ராஃபிள்ஸ் பிளேஸிலிருந்து சிறிது தூரத்தில் உள்ள லாவ் பா சாட் உணவங்காடிக்குச் செல்லலாம். 1894ஆம் ஆண்டு எண்கோண வார்ப்பிரும்புக் கட்டடம் அது; மாலையானதும் அதன் பக்கத்துத் தெருவை அடைத்துச் சாத்தே (குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சி) கடைகள் போடுகிறார்கள். உண்டு முடித்தபின் தட்டை உரிய இடத்தில் வைத்துவிடுவது இங்கே சட்டம். சைவ உணவுக்காரர்களுக்குக் கிளார்க் கீ நிலையத்திலிருந்து வடகிழக்குப் பாதை ரயிலில் இரண்டாவது நிலையமான லிட்டில் இந்தியாவே எளிது. சிராங்கூன் சாலையில் தோசையும் சாப்பாடும் தாராளமாகக் கிடைக்கும்.