த்ரோயாக் நாணயத்தில் பச்சைப் பிசுக்கு: நான் நீக்கிய விதம்

போலந்து மன்னர் மூன்றாம் சிகிஸ்மண்ட் காலத்து வெள்ளிக் காசுகளில் எனக்கு உயிர், மூன்று குரோஷ் (அக்காலப் போலந்துப் பண அலகு) மதிப்புள்ள த்ரோயாக். சுமார் 21 மி.மீ. அகலம்தான். ஒருபக்கம் மன்னர், மறுபக்கம் போலந்தின் கழுகு, லித்துவேனியாவின் குதிரை வீரன், நடுவே மன்னரின் வாசா வம்சச் சின்னமான கதிர்க்கட்டு. இவ்வளவையும் இத்தனை சின்ன இடத்தில் செதுக்கிய கைகளைக் கும்பிட வேண்டும்.

நான் வாங்கிய 1590களின் காசு பழைய பிவிசி பிளாஸ்டிக் உறையில் வந்தது. கதிர்க்கட்டின் இடுக்கெல்லாம் பச்சையாக, தொட்டால் ஒட்டும் பிசுக்கு. பிவிசி சிதைந்தால் அமிலம் கசியும். அது வெள்ளியோடு கலந்த செம்பை அரித்துக் குழி போட்டுவிடும்.

சமையல் சோடா, வெள்ளி பாலிஷ் பக்கமே போகவில்லை. நானூறு ஆண்டுக் கருமையை அவை உரித்துவிடும், சேகரிப்பாளர்கள் மதிப்பதே அந்தக் கருமையைத்தான். பிசுக்கைக் கரைக்கச் சுத்தமான அசிட்டோன் என்ற கரைப்பான் வாங்கினேன். நெயில் பாலிஷ் ரிமூவர் ஆகாது, அதில் நிறமும் எண்ணெயும் சேர்ந்திருக்கும். மூடியுள்ள கண்ணாடிக் கிண்ணத்தில், நெருப்பு அண்டாத, காற்றோட்டமான இடத்தில் ஊறவைத்தேன். இடுக்கில் அடம்பிடித்ததை மூங்கில் குச்சி முனையால் மெல்ல நெம்பினேன். பிறகு புது அசிட்டோனில் அலசி, துடைக்காமல் காயவிட்டேன். பிசுக்கு முழுக்கப் போய்விட்டது, கருமை அப்படியே இருக்கிறது. காசை மைலார் எனும் பாலியஸ்டர் உறைக்கு மாற்றி, பிவிசி உறையைக் குப்பையில் போட்டேன்.