தோட்டப் பள்ளித் தோழர்களை மறுபடி ஒன்றுகூட்டுவது எப்படி?

கோலாலம்பூரில் ஐம்பது வயதைத் தாண்டிய நம்மவர்கள் இரண்டு பேர் சந்தித்தால், "நீங்க எந்தத் தோட்டம்?" என்ற கேள்வி சீக்கிரம் வந்துவிடும். பல ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அங்கிருந்த தமிழ்ப்பள்ளிகள் சில வேறிடம் மாறிவிட்டன. கூடப் படித்தவர்கள் கிள்ளான், ஷா ஆலாம், பினாங்கு, சிங்கப்பூர் என்று சிதறிக் கிடக்கிறார்கள். இவர்களை ஒரு நாள் ஓரிடத்தில் சேர்க்க நினைப்பவர்களுக்காக, அதிலும் முதன்முறை இறங்குபவர்களுக்காக, இதை எழுதுகிறேன்.

பலரும் மண்டபம் பிடிப்பதில் தொடங்குகிறார்கள். வேண்டாம். பெயர்ப் பட்டியலில் தொடங்குங்கள். யார் வருவார்கள் என்று தெரிந்தால் மண்டபம், தேதி, சாப்பாடு எல்லாம் தானாக முடிவாகும்.

1. நான்கைந்து பேர் சேருங்கள்

பெரிய செயற்குழு தேவையில்லை. வெவ்வேறு ஆண்டுகளில் படித்தவர்களாகப் பாருங்கள். அதில் இரண்டு பெண்களாவது இருக்கட்டும். முப்பது வருடமாகப் பேசாத ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போன் போட, கூடப் படித்த இன்னொரு பெண்தான் சரியான ஆள்.

2. ஒரே வகுப்போடு நிறுத்தாதீர்கள்

பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அப்படித் தொடங்கிய பள்ளிகள் பல, கடைசிவரை சிறியவையாகவே இருந்தன. ஒரு வகுப்பை மட்டும் அழைத்தால் ஏழெட்டுப் பேர்தான் தேறுவார்கள். பத்து ஆண்டுகளைச் சேர்த்து அழையுங்கள். அக்கா, தம்பி, பக்கத்து லயத்து (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) அண்ணன் என்று ஒருவரை ஒருவர் இழுத்து வருவார்கள்.

ஆண்டைக் கணக்கிடும்போது, ஆறாம் வகுப்பு முடித்த ஆண்டையே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். எழுதிய ஆண்டை வைத்தால் குழப்பம் வரும். தமிழ்ப்பள்ளியிலிருந்து போன பலர் இடைநிலைப் பள்ளியில் மலாய் மொழிக்காக வைத்த புகுமுக வகுப்பில், அதாவது பெரலிஹானில், ஒரு வருடம் கூடுதலாக இருந்திருப்பார்கள்.

3. பட்டியல்

அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். இரண்டு மூன்று மாதம் ஆனாலும் பரவாயில்லை.

முதலில் ஆறாம் வகுப்புப் படம் ஒன்றைத் தேடுங்கள். யாராவது ஒருவர் வீட்டு அலமாரியில் கண்டிப்பாக இருக்கும். ஆசிரியர்கள் நடுவில் நாற்காலியில், முன்வரிசைப் பிள்ளைகள் தரையில் சம்மணம் போட்டு, கையில் ஆண்டு எழுதிய பலகை. அதைத் தெளிவாக நகலெடுத்து, ஒவ்வொரு தலைக்கு மேலும் ஓர் எண் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். "14 யாரு?" என்று கேட்டால் போதும். "அது கிராணி (தோட்டக் குமாஸ்தா) வீட்டுக்குப் பக்கத்துல இருந்த பையன், அவங்க அக்கா இப்ப செந்தூல்ல" என்று பதில் வரும். வெறும் பெயரைக் கேட்டால் யாருக்கும் நினைவுக்கு வராது, முகத்தைக் காட்டினால் வரும்.

பெயரைப் பதியும்போது மூன்றைக் கேளுங்கள்: அடையாள அட்டையில் உள்ள பெயர், தந்தை பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர். இங்கே பெண்களுக்குத் திருமணமான பிறகும் அடையாள அட்டையில் தந்தை பெயர்தான் நிற்கும். முகநூலில் கணவர் பெயரைச் சேர்த்திருக்கலாம். ஆகவே தந்தை பெயர் தெரிந்தால் தேடுவது எளிது. சில பேருக்கு வீட்டுப் பெயரைச் சொன்னால்தான் ஆளே தெரியும்.

அடுத்தது தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. தோட்டமே இல்லாமல் போனாலும் கோயில் நிற்கும் இடங்களில் வருடா வருடம் பழைய குடும்பங்கள் வருகின்றன. ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அங்கே உட்கார்ந்தால் ஒரே நாளில் நிறைய எண்கள் கிடைக்கும். பள்ளி இன்னும் இயங்கினால் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். பழைய சேர்க்கைப் பதிவேடு இருக்கலாம். அதை அவர் காட்டுவது அவர் விருப்பம், வற்புறுத்தாதீர்கள்.

கிடைத்த தொலைபேசி எண்களைக் குழுவில் பொதுவாகப் போடக் கூடாது. ஒருவர் பொறுப்பில் ஒரு கூகுள் ஷீட்டில் இருக்கட்டும். காலமானவர்களின் பெயரையும் நீக்காமல் தனியாகக் குறித்து வையுங்கள். அது பிறகு தேவைப்படும்.

4. தேதி

சாதாரணச் சனிக்கிழமை நல்லது. ஞாயிறு என்றால் கெடாவில் இருப்பவர்கள் தவிப்பார்கள். அங்கே வார விடுமுறை வெள்ளி, சனி. தொடர் விடுமுறையும் வேண்டாம். நெடுஞ்சாலை, ஜொகூர் பாலம் இரண்டும் நெரியும், சிங்கப்பூரிலிருந்து வருபவர் பாதி வழியில் நிற்பார். புரட்டாசிச் சனி என்றால் முழுச் சைவம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரவு விருந்தைவிட மதிய உணவே மேல். வயதானவர்கள் இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம்.

5. இடம்

கோலாலம்பூர் என்றால் பிரிக்பீல்ட்ஸ் வசதி. கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர், எல்.ஆர்.டி., இ.டி.எஸ். ரயில்கள் எல்லாம் நிற்கின்றன. பட்டர்வொர்த்திலிருந்து காரில்லாமலே வந்து போகலாம். ஆனால் கார் நிறுத்த இடம் கிடைப்பது பாடு. பாதிப் பேர் காரில் வருவார்கள் என்றால் கிள்ளான் பக்கம் பாருங்கள். பினாங்கில் தீவைவிடப் பெருநிலம் மேல். தோட்டங்கள் பெரும்பாலும் செபராங் பிறையில்தானே இருந்தன. கோயில் மண்டபம் மலிவு, ஆனால் சைவம் மட்டும்தான். தமிழ் முஸ்லிம் தோழர்கள் இருந்தால் ஹலால் சமையல்காரராகப் பிடியுங்கள். பள்ளியிலேயே நடத்த ஆசைப்பட்டால் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். மாவட்டக் கல்வி அலுவலகத்தின் அனுமதி வேண்டுமா என்று அவர் சொல்வார்.

மது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஆசிரியர்களும் குடும்பங்களும் நிம்மதியாக உட்கார வேண்டும்.

6. பணம்

ஒரு மாதிரிக் கணக்கு. மொத்தம் 80 பேர், சாப்பாடு தலைக்கு 35 வெள்ளி (ரிங்கிட்) என்றால் 2,800. மண்டபம் 800, பேனர், பெயரட்டை, பொன்னாடை 300. ஆக 3,900 வெள்ளி. இதை 80ஆல் வகுக்காதீர்கள். ஆசிரியர்கள் 5 பேர், கட்ட முடியாதவர்கள் 5 பேர் என்று ஒதுக்கி 70ஆல் வகுங்கள். சுமார் 56 வருகிறது, 60 வாங்குங்கள். 300 வெள்ளி கையிருப்பு.

அந்த ஐந்து இடங்களை விட்டுக்கொடுக்காதீர்கள். லாரி ஓட்டுபவர், காவல் வேலை செய்பவர், வேலை போனவர் எல்லாரும் நம் வகுப்பில் இருந்தவர்கள்தான். 60 வெள்ளிக்காக ஒருவர் "அன்னைக்கு வேலை இருக்கு" என்று சொல்லும்படி வைத்தால், இவ்வளவு தேடியதற்கு அர்த்தமில்லை. யார் கட்டினார், யார் கட்டவில்லை என்பது பொருளாளருக்கு மட்டும் தெரிந்தால் போதும். குழுவில் பெயர் போட்டு டிக் அடிக்கும் வழக்கத்தை அடியோடு தவிருங்கள்.

7. அன்றைய நாள்

பெயரட்டையில் வீட்டுப் பெயரைப் பெரிதாகவும் முழுப் பெயரை அதன் கீழும் எழுதுங்கள். வீட்டுப் பெயர் பிடிக்காதவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எண் போட்ட அந்தப் படத்தை நுழைவாயிலில் பெரிய பேனராகத் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு மார்க்கர் பேனா வையுங்கள். பெயர் தெரியாத தலைகளுக்கு வருகிறவர்களே எழுதுவார்கள்.

ஆசிரியர் ஒவ்வொருவரையும் வீட்டிலிருந்து அழைத்து வந்து, திரும்பக் கொண்டுபோய் விட ஒரு மாணவரை நியமியுங்கள். "சார், நீங்களே கிராப் டாக்சி போட்டு வந்துடுங்க" என்பது முறையல்ல.

மேடை நிகழ்ச்சி ஒரு மணி நேரத்துக்குள் முடியட்டும். தமிழ் வாழ்த்து, காலமானவர்களின் பெயர்களை வாசித்து மௌன அஞ்சலி, ஆசிரியர்களுக்குப் பொன்னாடை, அப்புறம் சாப்பாடு. அரசியல்வாதி யாரையும் அழைக்க வேண்டாம். அவர் வரும்வரை காத்திருப்பதிலேயே பாதி நேரம் போய்விடும். மீதி நேரமெல்லாம் பேச்சுக்கு விடுங்கள்.

8. அதன் பிறகு

ஒரு வாரத்துக்குள் வரவு செலவைக் குழுவில் போடுங்கள். ஆர்வம் இருந்தால் முன்னாள் மாணவர் சங்கமாகப் பதியலாம். 1966 சங்கச் சட்டப்படி சங்கப் பதிவிலாகாவில் பதிய குறைந்தது 7 பேர் வேண்டும். பதிந்தால்தான் சங்கத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்குத் திறக்க முடியும். பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை போன்றவற்றை அதன் வழியே முறையாகச் செய்யலாம். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கை அனுப்பியாக வேண்டும். எனவே செயலாளராக, தாள் வேலைக்குச் சலிக்காத ஒருவரைப் பார்த்துப் போடுங்கள்.