240 போட்ட இடத்தில் 15 போட்டதும் வந்தது வீடியோ

ரூட்டரில் புது அக்சஸ் லிஸ்ட் (எந்த பாக்கெட்டை விடலாம், எதைத் தடுக்கலாம் என்ற பட்டியல்) போட்ட 40 நொடியில் ஓஎஸ்பிஎஃப் நெய்பர், அதாவது வழித்தகவலைப் பரிமாறிக்கொள்ளும் பக்கத்து ரூட்டருடனான தொடர்பு, விழுந்துவிட்டது. 239.1.1.10-இல் வந்துகொண்டிருந்த வீடியோவும் நின்றது. மல்டிகாஸ்ட் (ஒன்றை ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பும் முகவரிகள்) முழுவதற்கும்தான் பெர்மிட் கொடுத்திருந்தேனே!

லிஸ்ட்டை எடுத்துப் பார்த்தால், நான் அடித்த 224.0.0.0 240.0.0.0 அங்கே இல்லை, 0.0.0.0 240.0.0.0 என்று நின்றது. ஹிட் கவுண்ட் பூஜ்யம். அப்போதுதான் உறைத்தது: பழக்கதோஷத்தில், முகவரிக்குப் பின்னால் வரும் வைல்டுகார்டு இடத்தில் சப்நெட் மாஸ்க்கை அடித்திருக்கிறேன்.

வைல்டுகார்டில் 0 என்றால் அந்த பிட் பொருந்தியே ஆக வேண்டும், 1 என்றால் எதுவாயினும் சரி. சப்நெட் மாஸ்க்கில் இது தலைகீழ். 240 போட்டதால் முதல் 4 பிட்டையும் ரூட்டர் கண்டுகொள்ளவில்லை, அதனால்தான் 224 அங்கே 0 ஆகிவிட்டது. மீதி 28 பிட்டும் பூஜ்யமாக இருக்கவேண்டும் என்று அடம்பிடித்தது. 16.0.0.0, 32.0.0.0 மாதிரி யாருக்கும் வேண்டாத முகவரிகள்தான் பொருந்தும். ‘நான் இருக்கிறேன்’ என்று பக்கத்து ரூட்டருக்குச் சொல்லும் ஓஎஸ்பிஎஃப் ஹலோ போகும் 224.0.0.5 எப்படிப் பொருந்தும்?

மல்டிகாஸ்டுக்கு அடையாளமே முதல் 4 பிட், 1110. அதை மட்டும் பிடித்தால் போதும். 255-இல் 240 போக 15, ஆக 224.0.0.0 15.255.255.255. 239.255.255.255 வரை அடங்கிவிடும். மாற்றியதும் நெய்பர் எழுந்தது, வீடியோவும் வந்தது.

அப்புறம் நிதானமாக, ஒரு நிறுவனத்துக்குள் மட்டும் புழங்கும் மல்டிகாஸ்டுக்கென ஒதுக்கிய 239.192.0.0 0.3.255.255 என்று சுருக்கலாமா என்று யோசித்தேன். வீடியோவே 239.1-இல் இருக்கிறதே, விட்டுவிட்டேன்.